ஜூலை 1, 1863 காலை: 8வது இலினொய் குதிரைப்படை நின்று பிடித்தது துப்பாக்கியாலா, நிலத்தாலா?

கார்பைன்52:
அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டையின் முதல் காலை. வடக்குத் தளபதி பியூஃபோர்டு இரண்டு குதிரைப்படை பிரிகேடுகளோடு (பல ரெஜிமென்ட்டுகள் சேர்ந்தது பிரிகேடு, பல பிரிகேடுகள் சேர்ந்தது டிவிஷன்), மேற்கிலிருந்து வந்த தெற்குத் தளபதி ஹெத்தின் காலாட்படை டிவிஷனை மறித்தார். சேம்பர்ஸ்பர்க் சாலையில் முன்காவல் நின்றது 8வது இலினொய் ரெஜிமென்ட். 1861 செப்டம்பரில் செயின்ட் சார்ல்ஸ் ஊரில் மூன்றாண்டுக்குக் கையெழுத்திட்டுச் சேர்ந்த தன்னார்வப் படை இது. காலை 7:30 வாக்கில் லெப்டினன்ட் மார்செலஸ் ஜோன்ஸ் தன் சார்ஜன்ட்டின் கார்பைனை (குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கி) வாங்கி முதல் குண்டைச் சுட்டார். (9வது நியூயார்க்கும் அந்தப் பெருமையைக் கோரியது. ஆனாலும் 1886இல் அந்த இடத்தில் கல் நட்டவர்கள் ஜோன்ஸும் கூட்டாளிகளும்தான்.)

என் கட்சி இது. ஷார்ப்ஸ் கார்பைன் இல்லாவிட்டால், வடக்கின் காலாட்படை வந்து சேர்ந்த பத்து மணிவரை தாக்குப்பிடித்திருக்க முடியாது. தெற்குக் காலாள் குழல் வாயில் மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து, நிமிடத்துக்கு 3 முறை சுட்டால் பெரிது. ஷார்ப்ஸில் லீவரைக் கீழே இழுத்தால் அடைப்புக் கட்டை இறங்கும், துணித் தோட்டாவைப் பின்பக்கமாகச் செருகி லீவரை ஏற்றினால் கட்டையின் விளிம்பே தோட்டாவின் வாலை வெட்டி மருந்தைத் திறந்துவிடும். கேப் (அடித்தால் தீப்பொறி தரும் சிறு செப்பு மூடி) மாட்டிச் சுட வேண்டியதுதான். நிமிடத்துக்கு 8, 9 குண்டு.

மேட்டுநிலம்:
பியூஃபோர்டின் ஆட்கள் அடைத்த ஏழு குண்டையும் அடுத்தடுத்துச் சுடும் ஸ்பென்சர் வைத்திருந்தார்கள் என்ற பழைய கதையை நீங்கள் சொல்லாததே நிம்மதி. ஸ்பென்சர் கார்பைன் படைகளுக்கு வரத் தொடங்கியதே 1863 அக்டோபரில். கெட்டிஸ்பர்க்கில் இருந்தவை ஸ்பென்சர் ரைஃபிள்கள். அவையும் மிச்சிகன் ஆட்களிடம், மூன்றாம் நாள் கிழக்குப் பக்கத்தில்.

ஆனால் 8, 9 குண்டுக் கணக்கு சோதனைத் திடல் கணக்கு. இடுப்பில் கட்டும் தோட்டாப் பெட்டியில், துளையிட்ட மரக்கட்டையில் செருகியிருப்பது 20 தோட்டா. மிச்சம் சேணப்பையில், அதாவது பின்னால் நிற்கும் குதிரையிடம். நிமிடத்துக்கு 5 சுட்டாலே 4 நிமிடத்தில் பெட்டி காலி. சட்டைப்பையில் திணித்து 60 ஆக்கிக்கொண்டாலும் 12 நிமிடம். சண்டை நடந்ததோ இரண்டரை மணி நேரம். ஆகவே இடைவிடாத குண்டுமழை என்பது கணக்கிலேயே நிற்கவில்லை.

சேதக் கணக்கையும் பாருங்கள். அன்றைய சண்டையில் 8வது இலினொயில் இறந்தவர் ஒரே ஒருவர். அது இருந்த, கேம்பிள் தலைமையிலான பிரிகேட் முழுவதற்கும் இறந்தோர், காயம்பட்டோர், காணாமல்போனோர் சேர்த்து 99. இழுத்துப்பிடித்து நின்ற படையின் எண்ணிக்கை இது அல்ல, சுட்டுவிட்டு நகர்ந்த படையின் எண்ணிக்கை.

லாயம்:
இருவரும் குதிரையை விட்டுவிட்டீர்கள். இறங்கிப் போரிடும்போது நால்வரில் ஒருவர் மற்ற மூவரின் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். கேம்பிளிடம் சுமார் 1,600 பேர் என்றால் சுடுவதற்கு 1,200. அதிலும் பலர் மைல்கணக்கில் காவல் புள்ளிகளில் சிதறியிருந்தார்கள்.

குதிரைகளின் நிலை இன்னும் மோசம். விதிப்படி ஒரு குதிரைக்கு நாளுக்கு 14 பவுண்டு வைக்கோல், 12 பவுண்டு தானியம். ஜூன் 30 அன்று பியூஃபோர்டு மேலிடத்துக்கு எழுதியதில், ஆளும் குதிரையும் சோர்ந்துவிட்டன, தானியம் கிடைக்கவில்லை, லாடம் அடிக்க வழியில்லை என்கிறார். நாலு நாள் முன்பு ஊருக்குள் வந்த தெற்குத் தளபதி எர்லியின் ஆட்கள் கண்ணில் பட்ட லாடத்தையும் ஆணியையும் அள்ளிப் போயிருந்தார்கள். லாடம் கழன்ற குதிரையைக் கல் பாவிய சாலையில் ஓட்டினால் குளம்பின் ஓரம் பிய்ந்து, அடுத்த நாளே நொண்டும். இந்தக் குதிரைகளை வைத்துக்கொண்டு வாளோடு பாய்வது நடக்காத காரியம். இறங்கிச் சண்டையிட்டதற்குப் புது ஆயுதத்தின் மேல் இருந்த நம்பிக்கையை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள்.

கார்பைன்52:
தோட்டாக் கணக்கை ஏற்கிறேன். வேகத்தைப் பெரிதாகச் சொன்னது என் பிழை. புகைக்கரி படிந்தால் ஷார்ப்ஸின் கட்டை இறுகும், லீவர் பாதியில் நிற்கும். வெட்டுப்பட்ட வாலிலிருந்து சிந்திய மருந்து கட்டையின் மேல் தங்கினால் அடுத்த வெடியில் முகத்துக்கு நேரே பற்றும். தீபாவளித் துப்பாக்கியில் சுருள் கேப் கிழிந்து சிக்குவதுபோல, வெடித்த கேப்பின் செப்புத் துணுக்கும் சுத்தியலடியில் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் ஆயுதத்தின் உண்மையான பலன் வேகம் அல்ல, கிடந்த நிலை. வாய்வழி கெட்டிக்கும் நீளத் துப்பாக்கியைப் படுத்துக்கொண்டே நிரப்புவது பெரும்பாடு, எழுந்தே ஆக வேண்டும். ஷார்ப்ஸ்காரர் வேலிக்கட்டையின் அடியில் படுத்தபடியே நிரப்பிச் சுடுவார். நீங்கள் காட்டும் அந்த 99க்குப் பாதிக் காரணம் அதுதான் என்பேன்.

மேட்டுநிலம்:
அது வலுவான வாதம், மறுக்கவில்லை. ஆனால் சேதம் குறைந்தது வேறு, நேரம் கிடைத்தது வேறு.

ஜோன்ஸ் சுட்ட இடத்திலிருந்து, பியூஃபோர்டின் முக்கிய வரிசை நின்ற மெக்ஃபர்சன் மேடு ஏறத்தாழ 2 மைல். சாலையில் நடந்தால் முக்கால் மணி நேரம். ஹெத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. சாலையில் நால்வர் நால்வராக வரும் காலாட்படைமேல் குண்டு விழுந்தால், முதலில் நிற்க வேண்டும். சில கம்பெனிகளைப் பிரித்து முன்னால் பரப்ப வேண்டும். அவர்கள் வயல் வேலிகளைப் பிடுங்கி, ஏறி, கோதுமைக்குள் தட்டுத்தடுமாறி வரிசை பிடித்து நகர வேண்டும். அதற்குள் குதிரைக்காரர்கள் அடுத்த மேட்டுக்குப் போயிருப்பார்கள். வழியில் உள்ள ஹெர் மேட்டுக்கு வந்தபோது இரண்டு பிரிகேடுகளையே சாலைக்கு இருபுறமும் முழுதாக விரிக்க வேண்டியதாயிற்று. எதிரே இருந்த பீரங்கிகள் வடக்கின் பீரங்கி அதிகாரி கேலெஃபின் 6 மட்டுமே. அவற்றையும் இரண்டிரண்டாகப் பிரித்துத் தள்ளித் தள்ளி வைத்ததால் எதிரே பெரிய படை நிற்பதாகத் தோன்றியது.

இன்னொன்று, முழு டிவிஷனை நிறுத்தினார்கள் என்பதும் மிகை. காலையில் மோதியவை ஹெத்தின் ஆர்ச்சர், டேவிஸ் பிரிகேடுகள் மட்டும், இரண்டும் சேர்ந்து 3,500 அளவில். அவருடைய மற்ற இரு பிரிகேட் தளபதிகள் பெட்டிகுருவும் பிராக்கன்பரோவும் பின்னால் நின்றார்கள்.

கார்பைன்52:
எண்ணிக்கையைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒவ்வொரு மேட்டிலும் எதிரியை "விரித்தே ஆக வேண்டும்" என்று நினைக்க வைத்தது எது? பத்துப் பேர் படுத்துச் சுட்டால் முப்பது பேர் இருப்பதுபோல் தெரிவதுதான். நிலமும் துப்பாக்கியும் பிரியாது.

லாயம்:
பிரித்துப் பார்க்க அன்று பிற்பகலே இடம் தருகிறது. செமினரி மேட்டில் கேம்பிளின் ஆட்கள் கல்சுவருக்குப் பின்னால் இறங்கிச் சுட்டது தெற்கு பிரிகேட் தளபதி பெரினின் வலப்பக்கத்தைத் தாக்கியது. அது துப்பாக்கியின் வேலை. பெரினுக்கு வலப்புறம் வந்த இன்னொரு தெற்கு பிரிகேட் தளபதி லேன், குதிரைப்படை பக்கவாட்டில் நிற்பதைக் கண்டு 7வது வடக்கு கரோலினா ரெஜிமென்ட்டைத் தனியே பிரித்து அங்கே நிறுத்தினார். மீதிப் பிரிகேடும் பெரினோடு சேர்ந்து முன்னேற முடியாமல் பின்தங்கியது. அந்தப் பக்கம் சேணத்தில் இருந்தது 8வது இலினொய். லேனின் ரெஜிமென்ட்டுகளை அங்கே கட்டிப்போட்டது எத்தனை குண்டு என்று கார்பைன்52 சொல்லட்டும்.