மறு: அகோரிகள் கட்டுரைக்குச் சொல் – 'தீட்டுமறுப்பு' சரிவருமா?

வணக்கம்.

'ஆன்டிநோமியன்' (சமயம் விதித்த ஒழுங்குகளை வேண்டுமென்றே மீறும் போக்கு) என்பதற்குத் தமிழ் கேட்டு இந்த இழை தொடங்கி நாலு நாள் ஆகிறது. ஒழுக்கமீறல், கோரநெறி, வாமாசாரம், அகப்புறச் சமயம் என்று நாலு சொற்கள் வந்திருக்கின்றன. எதுவும் எனக்கு ஒட்டவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் சொல்லை வைக்கிறேன்.

> அகோரம் என்றாலே பயங்கரம்தானே, 'கோரநெறி' என்று போட்டுவிடலாமே?

ஐயா, இங்கேதான் தமிழ் நம் காலை வாருகிறது. கோர விபத்து என்கிறோம், அகோரப் பசி என்கிறோம். நம் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. வடமொழியில் அந்த 'அ' எதிர்மறை. அகோரம் என்றால் கோரம் அல்லாதது. சிவனின் ஐந்து முகங்களில் தெற்கு பார்த்த முகத்துக்கு அதுதான் பெயர். திருவெண்காட்டில் ஆயுதங்களோடு நிற்கும் அகோரமூர்த்தியைப் பார்த்துத்தான் நாம் பொருளைப் புரட்டிக்கொண்டோமோ என்னவோ! காசியில் ஒருவர் தம்மை அகோரி என்று சொல்லிக்கொண்டால், 'எனக்குக் கோரமானது எதுவும் இல்லை' என்கிறார். அதைக் கோரநெறி என்று பெயர்த்தால் தலைகீழாகிவிடும்.

ஒழுக்கமீறல் என்றால் துறைரீதியான நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பது போல இருக்கிறது. வாமாசாரம், அதாவது மது, மாமிசம் வைத்துச் செய்யும் தாந்திரிக வழிபாடு, வேறு சரக்கு. இல்லறத்தார் கூட மூடிய வட்டத்துக்குள் செய்வது.

அகப்புறச் சமயம் என்று அம்மா சொன்னது யோசிக்க வேண்டியது. பாசுபதம், மாவிரதம், காபாலம், வாமம், பைரவம், ஐக்கியவாத சைவம் என்று ஆறு சைவப் பிரிவுகளையும் சைவ சித்தாந்திகள் அந்தப் பெயரில் ஒரே வரிசையில் வைத்துவிட்டார்கள். ஆனால் அந்த வரிசை, தங்களுக்கு யார் எவ்வளவு தூரம் என்ற கணக்கு. அவர்கள் என்ன செய்தார்கள் என்பது அதில் தெரியாது. பாசுபதரையே எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பலில் குளிப்பார்கள், ஊரார் ஏச வேண்டும் என்றே பைத்தியம் போல நடிப்பார்கள். அதே பாசுபத சூத்திரம் மலஜலத்தைப் பார்க்காதே, பெண்ணோடும் சூத்திரனோடும் பேசாதே என்றும் விதிக்கிறது. தீட்டை அவர்கள் விடவே இல்லை. அகோரி விட்டுவிட்டார். இரண்டு பேரையும் ஒரே மூட்டையில் கட்ட முடியாது.

அதனால்தான் 'தீட்டுமறுப்பு' என்கிறேன். சாதிமறுப்புத் திருமணம் என்று சொல்கிறோமே, அந்த வார்ப்பு.

காசியில் அகோரி குருவான பாபா கீனாராம் மரபின் தலைமையிடம் கிரீம் குண்டம் என்ற ஆசிரமம். வாசலின் இரு பக்கமும் பெரிய மண்டையோட்டு உருவங்கள். உள்ளே அணையாமல் எரியும் துனி என்ற புனித நெருப்பு. அதற்கு விறகு சுடுகாட்டுச் சிதைகளிலிருந்து வருகிறது. அந்தச் சாம்பலை வருகிறவர்கள் பிரசாதமாக வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். சுடுகாட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகாமல் வாசற்படி ஏற விடாத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு சிட்டிகைச் சாம்பல் போதும், விஷயம் புரிந்துவிடும்.

அதே மரபில் வந்த அவதூத பகவான் ராம் 1961-இல் சர்வேஸ்வரி சமூகம் என்ற அமைப்பைத் தொடங்கினார். கங்கைக்கு அக்கரையில் படாவ் என்ற இடத்தில் தொழுநோயாளிகளுக்கு ஆசிரமமும் மருத்துவமும். மதுவையும் மண்டையோட்டையும் ஓரங்கட்டியவரும் அவரே. ஊர் தொட மறுத்த உடம்பைத் தொடுவதும் அகோரம்தான் என்பது அங்கே கொள்கை. ஒழுக்கமீறல் என்று பெயர் வைத்தால் இந்த ஆசிரமத்தை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? தீட்டுமறுப்பில் மண்டையோட்டில் உண்பதும் அடங்கும், புண்ணுக்கு மருந்து போடுவதும் அடங்கும்.

> தீட்டே இல்லை என்றால் அவர் ஏன் சுடுகாட்டைத் தேடிப் போகிறார்? வீட்டிலேயே இருக்கலாமே?

நல்ல கேள்வி, முழுப் பதில் என்னிடம் இல்லை. தாந்திரிக நூல்கள் அருவருப்பை உயிரைக் கட்டும் பாசங்களில் ஒன்றாக எண்ணுகின்றன. குலார்ணவ தந்திரத்தின் எட்டுப் பாசங்களில் சாதியும் உண்டு. கட்டு இருக்கிற இடத்தில்தானே அவிழ்க்க முடியும்? அந்த வகையில் 'தீட்டறுப்பு' இன்னும் பொருத்தம், பற்றறுப்பு போல. முதலில் அதைத்தான் எழுதிவைத்திருந்தேன். வீட்டில் படித்துக் காட்டியபோது, "பதினாறாம் நாள் தீட்டுக் கழிக்கிறதா?" என்று கேட்டார்கள். விட்டுவிட்டேன்.

துணைச்சொற்களையும் முடித்துவிடலாம். 'சவ சாதனா' என்பதைச் சவ சாதனை என்று எழுதவே கூடாது. கின்னஸ் புத்தகம் நினைவுக்கு வரும். சவாசனம் என்றால் யோகா வகுப்பு. பிணத்தின் மேல் அமர்ந்து செய்வதால் 'பிணத்தவம்' என்கிறேன். சுடுகாட்டில் செய்வது 'சுடலைத்தவம்'. சுடலைப்பொடி பூசியவனைப் பாடிய மொழிக்கு இதில் கஷ்டமே இல்லை. கபால பாத்திரத்துக்குத் 'தலையோடு'. திருவோடு பக்கத்திலேயே இருக்கிறது, யாருக்கும் விளக்க வேண்டாம்.

கட்டுரையின் முதல் வரி இப்படி வரும்: "அகோரிகள், சுடலைத்தவமும் தீட்டுமறுப்பும் கொண்ட சைவத் துறவிகள்; தலையோட்டில் உண்பவர்கள்." வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

பிணத்தவத்துக்கு இதைவிட நல்ல சொல் இருந்தால் மாற்றிக்கொள்கிறேன். தலையோட்டை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.