வெளிநாட்டில் தங்கி வேலை செய்தால் கொலாஜ் உண்மையிலேயே மாறுமா?

கேள்வி: கிழிதாள்

அனைவருக்கும் வணக்கம். கலவை ஊடகத்தில் கொலாஜ் (தாள், துணி, கிடைத்த பொருள்களை ஒட்டிச் செய்யும் படைப்பு) செய்துவரும் எனக்கு, மொராக்கோவில் சில வாரங்கள் தங்கி வேலை செய்ய அழைப்பு வந்திருக்கிறது. பேருந்துச் சீட்டு, மிட்டாய்க் காகிதம், அரபு எழுத்து அச்சான பொட்டலத் தாள் என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்து ஒட்டினால் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அது சுற்றுலாப் பயணியின் ஆல்பத்திலிருந்து எந்த வகையில் வேறுபடும் என்பதுதான் என் தயக்கம். அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரவுஷன்பெர்க் 1952-இல் ஓவிய நண்பர் சை ட்வாம்ப்ளியுடன் இத்தாலிக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் சென்றபோது சிறிய கொலாஜ்களைச் செய்தார் என்றும், 1975-இல் அகமதாபாத்தில் தங்கி வேலை செய்தார் என்றும் படித்திருக்கிறேன். அந்தப் பயணங்கள் அவருடைய வேலையை உள்ளிருந்து மாற்றினவா, அல்லது ஒட்டுவதற்குப் புதிய பொருள்களை மட்டும் கொடுத்தனவா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றி.

மறுமொழி: சுக்கான்பொடி

நீங்கள் குறிப்பிட்ட இரண்டு பயணங்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்று நினைக்கிறேன். 1952-இல் அவர் கையில் காசில்லாத இளைஞர்; காசாபிளாங்காவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்த்துத்தான் பயணத்தைத் தொடர்ந்தார். சலவைச் சட்டை மடிப்புக் கலையாமலிருக்க உள்ளே வைக்கும் அட்டைகளில், பழைய நூல்களிலிருந்து எடுத்த செதுக்குப் படங்கள், அச்சுத் தாள்கள், இறகு போன்றவற்றை ஒட்டினார். அவை நுட்பமானவைதான், ஆனாலும் உங்கள் பேருந்துச் சீட்டுக்கு வெகு தொலைவில் இல்லை என்பது என் கருத்து.

அகமதாபாத்தில் நடந்தது வேறு. அந்நகரின் நெசவாலை உரிமையாளர்களான சாராபாய் குடும்பத்தின் அழைப்பில் வந்து, சபர்மதி ஆசிரமத்தைச் சார்ந்த கைக்காகித ஆலையில், லாஸ் ஏஞ்சலஸின் ஜெமினி அச்சுக்கூடத்தினருடன் சேர்ந்து இரண்டு வரிசைகளைச் செய்தார். 'போன்ஸ்' என்னும் வரிசையில், அப்போதுதான் அள்ளிய ஈரத் தாள்களுக்கு இடையே மூங்கில் கீற்றுகளையும் துணித் துண்டுகளையும் வைத்து, தாளும் பொருளும் ஒன்றாகவே காயும்படி செய்தார்கள். முடிந்துபோன ஒரு தாளின் மேல் வேறொரு பொருளை ஒட்டுவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை, ஏனென்றால் தாள் தாளாக உருவாகும் நேரத்திலேயே மூங்கில் அதற்குள் சேர்ந்துவிடுகிறது.

'யூனியன்ஸ்' என்னும் இன்னொரு வரிசைக்குப் பிசைந்த சேற்றைப் பாருங்கள்: காகிதக் கூழ், வெந்தயப் பொடி, அரைத்த புளியங்கொட்டை, சுண்ணக்கட்டிப் பொடி, பிசின் பொடி, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), தண்ணீர். தஞ்சாவூர் ஓவியப் பலகை தயாரிப்பவர்களுக்கு இதில் பாதி வீட்டுச் சாமான்தான். துணியைப் பலகையில் ஒட்டப் புளியங்கொட்டைப் பசை, அதன்மேல் பூச சுக்கான் பொடியும் (சுண்ணக்கல் பொடி) பிசினும் என்று அவர்கள் காலங்காலமாகப் புழங்கும் சரக்கு அது. மயில்துத்தத்தைச் சேர்த்தது பூஞ்சை பிடிக்காமலிருக்கத்தான் என்று ஊகிக்கிறேன்; தோட்டக்காரர்கள் சுண்ணாம்புடன் சேர்த்துப் போர்டோக் கலவையாகத் தெளிப்பதும் அதே பொருளைத்தான். அந்தச் சேற்றுடன் கயிறு, மூங்கில், பட்டுத் துணி ஆகியவற்றை இணைத்தார். ஊர் திரும்பியபின் 1975-76-இல் செய்த 'ஜாமர்ஸ்' வரிசையில், அதுவரை அவருடைய அடையாளமாக இருந்த படங்களின் நெரிசல் ஏறக்குறைய மறைந்து, தைத்த துணியும் பிரம்புக் கழியும் மட்டுமே சுவரில் சாய்ந்து நிற்கின்றன. பயணம் உள்ளிருந்து மாற்றியதா என்ற கேள்விக்கு அதைவிட நேரான விடை எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி: ஓரவெட்டு

முந்தைய பதிலில் உள்ள செய்திகளை மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. கூழைக் கலக்கி, சட்டத்தில் அள்ளி, ஈரத் தாளைக் கிழியாமல் பெயர்த்து வைத்த ஆலைத் தொழிலாளிகளின் பெயர்களை நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் காணவில்லை. அகமதாபாத் நெசவாலைகளின் நகரம் என்பதையும், அங்கே ஒரு செல்வக் குடும்பத்தின் விருந்தினராக அவர் தங்கினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் துணிகளின் எளிமையைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் நிதானம் தேவைப்படுகிறது.

பிற்காலத்தில் அவர் இதையே பெரிய திட்டமாக விரித்தார். 1984-இல் அறிவித்த 'ராக்கி' (ROCI, ரவுஷன்பெர்க் ஓவர்சீஸ் கல்ச்சர் இன்டர்சேஞ்ச்) என்னும் பண்பாட்டுப் பரிமாற்றத்தில் மெக்சிகோ, சிலி, வெனிசுவேலா, சீனா, திபெத், ஜப்பான், கியூபா, சோவியத் ஒன்றியம், மலேசியா என்று நாடு நாடாகச் சென்று அங்கே படம் பிடித்து, பொருள் திரட்டி, படைப்புகளாக்கிக் காட்சிக்கு வைத்தார். 1991-இல் வாஷிங்டனில் அது நிறைவுற்றது. இராணுவச் சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சி நடந்த சிலியில் காட்சி வைத்ததற்குக் கண்டனமும் எழுந்தது. அந்த நாட்டின் முக்கிய விளைபொருளான செம்பின் தகடுகளையே தளமாக்கி, களிம்பேற்றும் இரசாயனங்களால் அவற்றின் மேல் வரைந்தது மட்டும் எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது. மற்ற பலவும், ஓட்டமும் நடையுமாகத் திரட்டிய படங்களை அடுக்கியவை போலத்தான் தோன்றுகின்றன.

மறுமொழி: கிழிதாள்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் அங்குள்ளவர்களுடன் சேர்ந்து செய்வதுதான் வழி போலிருக்கிறது; அதற்கு அனுமதி கிடைக்காவிட்டால் என்ன செய்வது? சில வாரங்களே தங்குபவரை உள்ளே விடுவார்களா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது.

மறுமொழி: சுக்கான்பொடி

ரவுஷன்பெர்க்குக்கே கிடைக்காமல் போயிருக்கிறது. 1982-இல் சுவான் காகிதத்துக்கு (ஓவியத்துக்கும் எழுத்துக்கலைக்கும் பயன்படும் கைக்காகிதம்) பெயர்பெற்ற சீனாவின் ஜிங்சியானுக்குச் சென்றபோது, செய்முறை இரகசியம் என்று ஆலைக்குள் விடவில்லை. வெளியே ஓர் இடத்தில் அமர்ந்து, ஆலையிலிருந்து வரும் காகிதத்தையும் கூழையும் வைத்து, பட்டு, நாடா, தங்கத் தாள், கண்ணாடி ஆகியவற்றைச் சேர்த்து '7 கேரக்டர்ஸ்' கொலாஜ்களைச் செய்து முடித்தார்கள். ஆகவே கதவு மூடியிருந்தாலும் வேலை நின்றுவிடாது.

ஓரவெட்டு சொன்ன குறை சரியானது. உங்களுக்கு யார் என்ன செய்து கொடுத்தார்கள் என்பதை அன்றன்றே எழுதிவைத்து, அவர்கள் சம்மதித்தால் படைப்பின் விவரச் சீட்டிலேயே பெயரைச் சேருங்கள். மொராக்கோவின் ஃபெஸ் நகரப் பக்கம் போனால் தோல் பதனிடும் தொட்டிகளின் அருகே கழிவுத் துண்டுகள் கிடைக்கும். காகிதத்துடன் சேர்த்தால் இரண்டும் ஈரத்துக்கு வெவ்வேறு அளவில் சுருங்கும் என்பதால், முழுப் பரப்பிலும் பசை தடவாமல் ஓரத்தில் தைத்துவிடுங்கள். பதனிடாத தோலைச் சுங்கத்தில் நிறுத்தக்கூடும், அதை மட்டும் எடுத்துவர வேண்டாம்.