பந்து எங்கே படுகிறது?

குழு: பெரிய வீட்டுக் கூட்டம்

சனிக்கிழமை

முரளி (மாலை 6:12): இன்றைய கணக்கு. டிரைவர் எடுத்தது 14 தடவை. ஃபேர்வேயில் கிடந்தது 4. வலப்பக்க மரங்களுக்குள் 6. ஓ.பி. 2. மீதியைப் பற்றிக் கேட்காதீர்கள். இந்த டிரைவரோடு இனி என்னால் முடியாது.

பெரியம்மா (6:15): சரிப்படாத டிரைவரை ஏன் வைத்திருக்கிறாய் கண்ணா? வண்டி பத்திரம்.

கார்த்திக் (6:15): பெரியம்மா, இது கோல்ஃப் மட்டை 😂 முதல் அடியைத் தூரமாக அடிக்கிற நீள மட்டை. ஃபேர்வே என்றால் பந்து விழ வேண்டிய நடுப் புல்வெளி, ஓ.பி. என்றால் எல்லைக்கு வெளியே.

பெரியம்மா (6:17): மட்டைக்கு வைக்க வேறு பெயரா கிடைக்கவில்லை? சரி, பேசுங்கள்.

சித்தப்பா (6:20): தலையைத் தூக்குகிறாய் முரளி. பந்து போன பிறகும் தரையையே பார்.

முரளி (6:21): பார்த்தேன் சித்தப்பா. தரை அங்கேயேதான் இருந்தது. பந்தைத்தான் காணோம்.

கார்த்திக் (6:23): அண்ணா, கிரிப்பைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடி. இடது கையில் மூன்று விரல் முட்டி தெரிய வேண்டும்.

முரளி (6:25): போன வாரம் அதைத்தான் செய்தேன். அதற்கு முந்தின வாரம் பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைத்தேன். எதுவாக இருந்தாலும் முதல் மூன்று தடவை ஒழுங்காகப் போகும். அப்புறம் பழைய குருடி, கதவைத் திறடி.

வசந்தி அத்தை (6:31): எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்கள். முரளி, பந்து கிளப் முகத்தில், அதாவது மட்டைத் தலையின் முன்பக்கத்தில், எங்கே படுகிறது?

முரளி (6:32): நடுவில்தான் அத்தை.

வசந்தி அத்தை (6:32): பார்த்தாயா?

முரளி (6:34): நடுவில் பட்ட மாதிரிதான் இருந்தது.

வசந்தி அத்தை (6:38): எனக்கும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது. நாளை பயிற்சி ரேஞ்சுக்குப் போகும்போது கால் பவுடர் ஸ்ப்ரே எடுத்துப் போ. மட்டை முகத்தில் மெல்லிசாக அடி, பந்து பட்ட இடத்தில் வட்டமாகத் தடம் விழும். படம் எடு, துடை, மறுபடி பூசு. பத்து அடிக்கும் இப்படியே. ரேஞ்சில் மட்டும்தான் இந்த வேலை, ஆட்டத்தின் நடுவில் முகத்தில் எதையும் பூசாதே.

பிரியா அக்கா (6:44): வலப்பக்கம் போன பந்துகள் கிளம்பும்போதே வலப்பக்கமா, இல்லை போய் வளைந்தனவா?

முரளி (6:46): இடப்பக்கமாகக் கிளம்பி அப்புறம் வலப்பக்கம் வளைந்தன. அதுதான் வயிற்றெரிச்சல். முதல் ஒரு விநாடி அழகாக இருக்கும்.

பிரியா அக்கா (6:52): அப்படியானால் இரண்டு சந்தேகம். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் மட்டை முகம் தீர்மானிக்கிறது. வளைவு, முகத்துக்கும் மட்டை வீசும் ஸ்விங் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தில் வருகிறது. நீ மட்டையை வெளியிலிருந்து உள்ளே, உன் பக்கமாக, வெட்டுகிறாய் என்றால் இப்படித்தான் போகும். ஆனால் ஹீல் பக்கம், அதாவது தண்டு சேரும் ஓரத்தில், பட்டாலும் இதே மாதிரிதான் போகும்.

கார்த்திக் (6:53): ஹீலில் பட்டால் ஏன் வளைய வேண்டும்?

பிரியா அக்கா (6:58): டிரைவர் தலை பெரிசு, எடையின் மையம் முகத்துக்கு ரொம்பப் பின்னால் இருக்கிறது. ஓரத்தில் பட்டால் தலை திரும்பும், பல்சக்கரம் மாதிரி பந்து எதிர்ப்பக்கம் சுழலும். வலது கைக்காரருக்கு ஹீலில் பட்டது வலப்பக்கம் வளையும், டோவில், அதாவது எதிர் நுனியில், பட்டது இடப்பக்கம். அதை ஈடுகட்டத்தான் முகத்தையே லேசாக உப்பலாகச் செய்கிறார்கள். ஹீலில் பட்ட பந்து இடப்பக்கம் கிளம்புவது அதனால்தான்.

முரளி (7:01): என் மேல் தப்பில்லை, இயற்பியல் மேல்தான் தப்பு என்கிறாய்.

வசந்தி அத்தை (7:02): பவுடர் சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை

முரளி (காலை 9:40): 📷 10 படங்கள்
முரளி (9:41): ஹீலில் 7, நடுவில் 2, டோவில் 1. நடுவில் பட்ட இரண்டும் கிட்டத்தட்ட நேராகப் போயின. அதே நான், அதே ஸ்விங்!

வசந்தி அத்தை (9:44): கிரிப்பை மாற்றாதே, நிலையை மாற்றாதே. பந்தை வைக்கிற டீக் குச்சி இரண்டைத் தரையில் குத்து, டிரைவர் தலை நுழைந்து போகிற அளவு இடைவெளி விட்டு. பந்து அந்த வாசலுக்கு நடுவில். இரண்டையும் தட்டாமல் அடிக்க வேண்டும். ஹீலில் அடிப்பவனுக்கு வெளி டீதான் பறக்கும். பாதி வேகத்தில் தொடங்கு.

சித்தப்பா (9:50): பந்தை வைத்த டீயின் உயரத்தையும் பார். கிளப்பைத் தரையில் வைத்தால் பாதிப் பந்து அதன் தலைக்கு மேல் தெரிய வேண்டும். டீயில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள், ஒவ்வொரு தடவையும் ஒரே உயரம் வரும்.

வசந்தி அத்தை (9:51): இது நல்ல யோசனை அண்ணா. தலையைத் தூக்காதே என்பதை விட.

முரளி (10:25): முதல் பன்னிரண்டு அடியில் வெளி டீ ஒன்பது தடவை பறந்தது. கீழே வரும்போது உடம்பு பந்தை நோக்கிச் சாய்கிறது, எடை கால் விரல்களுக்குப் போய்விடுகிறது. இத்தனை நாள் தெரியவேயில்லை.

வசந்தி அத்தை (10:28): இப்போது பிடியை ஒரு அங்குலம் கீழே இறக்கு. நின்ற இடம் அதேதான். தடம் நடுவை நோக்கி நகரும்.

கார்த்திக் (10:30): தூரம் குறையாதா அத்தை?

வசந்தி அத்தை (10:36): கொஞ்சம் குறையும். உங்கள் டிரைவர்கள் 45 அங்குலத்துக்கு மேல் இருக்கும். விதி 48 வரை விடுகிறது, ஆனால் 2022 முதல் தொழில்முறை டூர் போட்டிகளில் 46தான் உச்சம். ஓ.பி. போனால் மறுபடி தொடங்கிய இடத்தில் நின்று, அபராதம் சேர்த்து மூன்றாவது அடி அடிக்கிறோமே, அப்போது தூரம் எங்கே போயிற்று?

பிரியா அக்கா (10:40): முரளி, உன் மட்டை முகத்தின் சாய்வு, அதாவது லாஃப்ட், 9 டிகிரியா? தண்டு சேரும் இடத்து அடாப்டரைத் திருப்பி 10.5 ஆக்கிப் பார். லாஃப்ட் கூடினால் வளைவு குறையும்.

வசந்தி அத்தை (10:41): இன்றைக்கு வேண்டாம் பிரியா. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முரளி (11:15): 📷 படம்
முரளி (11:16): கடைசிப் பத்தில் இரண்டு டீயும் ஆறு தடவை நின்றன. தடங்கள் எல்லாம் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குள் வந்துவிட்டன!

வசந்தி அத்தை (11:18): நல்லது. டீ பறந்த நாலும் எப்போது?

முரளி (11:19): கார்த்திக் போன் செய்து "முழு வேகத்தில் ஒன்று அடி" என்று சொன்ன பிறகு. வரிசையாக நாலும்.

கார்த்திக் (11:19): ஊக்கம்தானே கொடுத்தேன்!

சித்தப்பா (11:24): குளித்துவிட்டு வந்து தேடுகிறேன். என் கால் பவுடர் டப்பாவை யார் எடுத்தது?

முரளி (11:31): பத்திரமாக இருக்கிறது சித்தப்பா. பாதி மிச்சம்.