ஜெர்மனிக்கும் துபாய்க்கும் எதைக் கட்டிக் கொடுக்க? (மூணு ஊர்க்காரங்க பேசுறது)

களியக்காவிளை: தங்கச்சி படிக்க ஜெர்மனி போறா, தம்பிக்கு துபாயில வேலை. சிவப்பு மட்ட அரிசி, மீன் குழம்புக்குப் போடுற குடம்புளி, கறிவேப்பிலை, நெய், இதுல எதைப் பெட்டியில வைக்கலாம்?

மார்த்தாண்டம்: துபாய்க்கு ஒண்ணும் கட்டாண்டாம், மட்ட அரிசி முதல் தேங்காய் வரை அங்கேயே கிடைக்கும். ஜெர்மனிதான் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள வெளிநாட்டுப் பால் பொருளும் இறைச்சியும் பெட்டியில போகக் கூடாது, நெய்யும் அதுல அடக்கம். பச்சைக் கறிவேப்பிலைக்கு, பூச்சி நோய் இல்லைன்னு அரசு தர்ற தாவர நலச் சான்று வேணும். பழங்கள்ல சான்று இல்லாம விடுறது வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் மட்டும். காய்ஞ்ச குடம்புளியைக் காத்துப் புகாம பொதிஞ்சு வைங்க, இல்லன்னா துணியெல்லாம் புகை மணம் ஏறும்.

பாறசாலை: இட்லி அரிசிக்கு அலைய வேண்டாம். ஜெர்மனில பால்சோறுக்கு விக்கிற குட்டை அரிசி 2 பங்கு, புழுங்கல் நீள அரிசி 2 பங்கு, உளுந்து 1 பங்கு. குட்டை அரிசி மட்டும் போட்டா இட்லி பிசுபிசுக்கும். மாவு பொங்க 27-30 டிகிரி வேணும், குளிர்கால அறையில அது இருக்காது. ஓவனைச் சூடாக்காம உள் விளக்கை மட்டும் போட்டு வைக்கணும். 50 டிகிரில வச்சா நுண்ணுயிர் செத்துடும், மாவு அப்படியே கிடக்கும்.

களியக்காவிளை: நெய்க்கு என்ன வழி அண்ணே?

பாறசாலை: உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் வாங்கி சிறுதீயில உருக்கச் சொல்லுங்க, 200 கிராம் பக்கம் நெய் தேறும்.