அறிக்கை எழுதச் சொன்னால் நடந்த கதையை எழுதுகிறார்கள்: எங்கே திருத்துவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் 14 பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அனைவரும் வேலைக்குச் செல்பவர்கள். ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் இடைநிலையான பி1 நிலையைத் தாண்டி, அதற்கு அடுத்த பி2 நிலையை நோக்கிச் செல்பவர்கள். அலுவலக அறிக்கை எழுதும் பயிற்சியைத் தொடங்கி ஐந்து வாரங்கள் ஆகின்றன. நோக்கம், செய்முறை, கண்டறிந்தவை, முடிவு, பரிந்துரை என்று தலைப்புகளிட்ட படிவம் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். தலைப்புகளை ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறார்கள்; ஆனால் ஒவ்வொரு தலைப்பின் கீழும் கதைதான் வருகிறது.

நூலகக் கணினிகளின் நிலை பற்றி எழுதச் சொன்னபோது, ஒரு மாணவர் 'கண்டறிந்தவை' பகுதியில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்: "முதலில் நான் உள்ளே சென்றேன். பொறுப்பாளர் இல்லை. சிறிது நேரம் காத்திருந்தேன். அவர் வந்ததும் கணினிகளைப் பார்த்தோம். அவை மிகவும் மோசமாக இருக்கின்றன. உடனே மாற்றியே ஆக வேண்டும் என்று அவர் சொன்னார்."

ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை ஏறக்குறைய இல்லை. ஆகவே எதைத் திருத்துவது என்றே எனக்குப் புரியவில்லை. "முறையான நடையில் எழுதுக" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினால், அடுத்த வாரம் இதே கதை செயப்பாட்டு வினையில் திரும்பி வருகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

வணக்கம் ஐயா. நீங்கள் எடுத்துக்காட்டிய பத்தியில் உள்ள சிக்கல் ஆங்கிலச் சிக்கல் அன்று என்பதே என் கருத்து. அந்த மாணவர் நிகழ்ந்த வரிசையில் எழுதியிருக்கிறார். அறிக்கையைப் படிப்பவருக்கோ பயன்படும் வரிசை தேவைப்படுகிறது. "முறையான நடை" என்ற குறிப்பு இதைச் சொல்லவில்லை. அதனால்தான் அவர் வினைச்சொற்களை மட்டும் மாற்றிக் கொடுக்கிறார்.

எழுதத் தொடங்கும் முன் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள்: இந்த அறிக்கையை யார் படிப்பார், படித்தபின் எதை முடிவு செய்வார்? கணினிகளைப் பழுதுபார்ப்பதா, புதியன வாங்குவதா என்று முடிவெடுப்பவர் படிக்கிறார் என்பது எழுத்தில் வந்துவிட்டால், காத்திருந்த கதை அவருக்குத் தேவையில்லை என்பதை மாணவரே கண்டுகொள்வார்.

அடுத்து, அந்தப் பத்தியை வாக்கியம் வாக்கியமாகக் கத்தரித்துத் துண்டுகளாக்கி, எது எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று வகுப்பையே அடுக்கச் சொல்லுங்கள். "மாற்றியே ஆக வேண்டும்" என்பது பொறுப்பாளரின் கருத்தா, எழுதுபவரின் பரிந்துரையா என்ற கேள்வி அங்கே தானாக எழும். "மிகவும் மோசம்" என்ற துண்டுக்கு இடமே கிடைக்காது. எத்தனை கணினிகள், எத்தனை நாளாக, எந்தக் கோளாறு என்று கேட்டுக்கேட்டு அதனை எண்ணாக மாற்றும் வரை அதை ஏற்காதீர்கள்.

இன்னொன்று. 1980களில் ஆஸ்திரேலியாவில் மொழியியலாளர்கள் ஜே. ஆர். மார்ட்டின், ஜோன் ரொதரி முதலியோர் வளர்த்தெடுத்த கற்பித்தல் முறையில் மூன்று படிகள் உண்டு: மாதிரியைப் பிரித்துப் பார்த்தல், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து எழுதுதல், பிறகு தனியாக எழுதுதல். நம்மில் பலர் மாதிரியைக் காட்டியவுடன் வீட்டுப்பாடம் கொடுத்து நடுப்படியைத் தாண்டிவிடுகிறோம். உண்மையான கற்றல் அங்கேதான் நடக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கரும்பலகையில் எழுதுவது நீங்களாக இருக்கட்டும்; செய்தியைச் சொல்வது அவர்களாக இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி அம்மா. நேற்றைய வகுப்பில் அப்படியே செய்தேன். ஆறு வாக்கியங்களைச் சேர்ந்து எழுதுவதற்கு 40 நிமிடங்கள் ஆயின. ஆனால் ஐந்து வாரங்களாகக் கேட்காத கேள்விகளை அன்று கேட்டார்கள். "பொறுப்பாளர் சொன்னதை நான் கண்டறிந்ததாக எழுதலாமா?" என்று ஒருவர் கேட்டபோது, 'அக்கார்டிங் டு' (இன்னாரின் கூற்றுப்படி) என்ற தொடரின் பயனை வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் உணர்ந்தது.

இப்போது மிஞ்சியிருப்பது செயப்பாட்டு வினை. "இட் வாஸ் சீன் பை மீ" என்று தொடங்காத வாக்கியமே இல்லை. இதிலிருந்து அவர்களை எப்படி விடுவிப்பது?

பதில் 2

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களிடம் இதை நானும் கண்டிருக்கிறேன். நம் அலுவலகத் தமிழில் "தெரிவிக்கப்படுகிறது", "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பனவே மரியாதையின் அடையாளமாக இருப்பதால், அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகிறார்கள். செயப்பாட்டு வினை தவறு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மறுவாரம் செய்முறைப் பகுதி முழுவதும் "ஐ" (நான்) என்று நிரம்பிவிடும்.

நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை எளியது. வாக்கியத்தைப் படித்ததும் படிப்பவர் "யார்?" என்று கேட்பாரா? "பத்துக் கணினிகளும் சோதிக்கப்பட்டன" என்று செய்முறையில் படிப்பவர் அப்படிக் கேட்கமாட்டார். "கணினிகள் பழுதுபார்க்கப்பட வேண்டும்" என்று பரிந்துரையில் படிப்பவர் கட்டாயம் கேட்பார். யார், எந்தத் தேதிக்குள் என்பது இல்லாத பரிந்துரையை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய இயலாது.

முறையான ஆங்கில நடைக்குச் செயப்பாட்டு வினையைவிடப் பெரிய கருவி, வினையைப் பெயராக்குவது. "தி கம்ப்யூட்டர்ஸ் ஃபெயில்ட் டெய்லி" என்று ஒரு வாக்கியம் முடிந்தால், அடுத்ததை "தீஸ் ஃபெயிலியர்ஸ்" என்று தொடங்கலாம். முதல் வாக்கியத்தின் வினை இரண்டாவதின் எழுவாயாகிறது. "அதன் பிறகு", "அப்புறம்" என்ற கதைச்சொற்கள் இல்லாமலேயே பத்தி நகர்கிறது. மொழியியலாளர் ஹாலிடே இதனை இலக்கண உருவகம் என்று விளக்கினார். மாணவர்களுக்கு அந்தப் பெயர் வேண்டியதில்லை. இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினாலே போதும்.

பதில் 3

திருத்துவதைப் பற்றி ஒரு சொல். இலக்கணத் திருத்தம் பயனற்றது, அதைக் கைவிட வேண்டும் என்று இரண்டாம் மொழி கற்றல் ஆய்வாளர் ஜான் ட்ரஸ்காட் 1996இல் எழுதினார். 1999இல் மற்றோர் ஆய்வாளரான டேனா ஃபெரிஸ் அதை மறுத்தார். என் வகுப்பில் நான் இருவருக்கும் இடம் வைத்திருக்கிறேன். முதல் வரைவில் இலக்கணத்தைத் தொடுவதே இல்லை. அடுக்கு சரியா என்று மட்டும் பார்ப்பேன். இரண்டாம் வரைவில் ஒருவருக்கு இரண்டு வகைப் பிழைகளை மட்டும் தேர்ந்து அடிக்கோடிடுவேன். அழிக்கப்படப்போகும் வாக்கியத்துக்கு இலக்கணம் திருத்துவது ஆசிரியர், மாணவர் இருவருக்கும் வீண் உழைப்பு.

படிவத்தையும் கைவிட வேண்டாம். வேலையிடத்தில் பெரும்பாலும் ஏதேனும் ஒரு படிவத்தைத்தான் அவர்கள் கையில் கொடுப்பார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அந்த மாணவரின் இரண்டாம் வரைவு இன்று வந்தது. 'கண்டறிந்தவை' இப்படித் தொடங்குகிறது: "சோதித்த 10 கணினிகளுள் 4 இயங்கவில்லை. பொறுப்பாளரின் கூற்றுப்படி, அவற்றுள் 3 கணினிகள் இரண்டு மாதங்களாக இதே நிலையில் உள்ளன." காத்திருந்த கதையை அவரே நீக்கிவிட்டார். பரிந்துரையில் யார் செய்ய வேண்டும் என்பது இருக்கிறது, எப்போது என்பது இல்லை. அதை ஓரத்தில் குறித்து அனுப்பியிருக்கிறேன். ஆங்கிலத்தில் 'தி' என்ற சொல் விடுபட்ட இடங்களை இந்த முறை தொடவில்லை.