எடிசனில் வீடு, மன்ஹாட்டனில் வேலை: நியூ ஜெர்சிக்கு 10,000 டாலர் பாக்கியா?

கேள்வி:
எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் வாடகை வீடு, வேலை மன்ஹாட்டனில். வாரம் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீட்டிலிருந்து. மனைவி வேலைக்குப் போகவில்லை, வரிக் கணக்கைச் சேர்ந்துதான் தாக்கல் செய்கிறோம். அலுவலகம் தரும் வருடச் சம்பளச் சான்றான டபிள்யூ-2-ஐ மென்பொருளில் ஏற்றியதும் நியூ ஜெர்சிக்கு 10,000 டாலருக்கு மேல் வரி கட்ட வேண்டும் என்கிறது. நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மாநிலச் சம்பளம் காட்டும் பெட்டி 16-ல் நியூயார்க்குக்கு 112,400, நியூ ஜெர்சிக்கு 116,150 என்று இருக்கிறது. மாநில வரிப் பிடித்தம் காட்டும் பெட்டி 17-ல் நியூயார்க்குக்கு மட்டும்தான் பிடித்திருக்கிறார்கள். வாங்கியது ஒரே சம்பளம்தானே?

அப்புறம், வீட்டிலிருந்து வேலை செய்த நாட்களை நியூயார்க் கணக்கில் கழிக்கலாமா? அதில் ஒரு வாரம் மதுரையில் அம்மா வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். சிகாகோவில் வாடிக்கையாளர் அலுவலகத்தில் 9 நாள் இருந்தேன்.

பதில்:
தம்பி, பயப்படாதீங்க. ஒரே அரிசியை இரண்டு படியில் அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மத்திய வரிக்கான பெட்டி 1 தொகையை அப்படியே போடச் சொல்வது நியூயார்க் வழக்கம். மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடித்ததை நியூ ஜெர்சி கழிக்க விடாது, அதனால் அங்கே தொகை கூடுதல். உங்கள் மென்பொருள் இரண்டையும் கூட்டி 228,550 ஆக்கியிருக்கும். நியூ ஜெர்சி படிவத்தில் சம்பளம் 116,150 மட்டும் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது வரிசை. நியூயார்க்கின் வெளிமாநிலத்தார் படிவமான ஐடி-203-ஐ முதலில் முடியுங்கள், பிறகுதான் நியூ ஜெர்சிவாசிகளின் படிவமான என்ஜே-1040. நியூயார்க்குக்குக் கட்டிய வரிக்கு நியூ ஜெர்சி வரவு கொடுக்கும், அதாவது தன் வரியில் குறைத்துக்கொள்ளும், அதற்கு என்ஜே-சிஓஜே என்ற அட்டவணை. அதில் பெட்டி 17 தொகையைப் போடாதீர்கள். அது பிடித்தம்தான். ஐடி-203 கணக்குப்படி உண்மையில் விழும் வரியைத்தான் போட வேண்டும். முதல் வருடம் நான் பிடித்தத் தொகையைப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து வட்டியோடு கடிதம் வாங்கினேன்.

வீட்டு நாட்களைக் கழிக்க முடியாது. உங்கள் அலுவலகம் நியூயார்க்கில் இருந்து, உங்கள் வசதிக்காக வெளியிலிருந்து வேலை செய்தால் அதுவும் நியூயார்க் நாள்தான். எடிசன் சோபாவுக்கும் மதுரைத் திண்ணைக்கும் ஒரே விதி. மதுரையில் விடுப்பு எடுத்த நாட்கள் மட்டும் வேலை நாளாகவே கணக்கில் வராது. சிகாகோ வேறு கதை. நிறுவனத்தின் தேவைக்காகப் போனீர்கள், அந்த 9 நாளை, வேலை நாட்களைப் பிரித்துக் காட்டும் ஐடி-203-பி படிவத்தில் கழிக்கலாம். விமானச் சீட்டு, விடுதி ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், நியூயார்க் கேட்கும். சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 30 வேலை நாளுக்கு மேல் போனால்தான் அங்கே வரி, எனவே அதை மறந்துவிடுங்கள்.

உள்ளூர் வரிப் பிடித்தம் காட்டும் பெட்டி 19-ஐயும் பாருங்கள். நியூயார்க் நகர வரி நகரவாசிகளுக்குத்தான். பிடித்திருந்தால் ஐடி-203 மூலமே முழுசாகத் திரும்ப வாங்கலாம்.

இன்னொருவர்:
குறுக்கே ஒரு சந்தேகம், மன்னிக்கவும். எங்களுக்கு வீடு பென்சில்வேனியா, வேலை நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில். நியூ ஜெர்சி வரி பிடித்துவிட்டார்கள். இதே மாதிரி வரவுதானா?

பதில்:
இல்லைங்க. அந்த இரண்டு மாநிலத்துக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, சம்பளத்துக்கு வரி வீடு இருக்கும் மாநிலத்தில் மட்டும். நியூ ஜெர்சியின் வெளிமாநிலத்தார் படிவமான என்ஜே-1040என்ஆர் போட்டுப் பிடித்ததைத் திரும்ப வாங்குங்கள், பென்சில்வேனியாவுக்கு 3.07 சதவீதம் கட்டுங்கள். நியூ ஜெர்சியில் வசிக்கவில்லை என்று சொல்லும் என்ஜே-165 படிவத்தை இன்றே சம்பளப் பிரிவில் கொடுத்தால் அடுத்த மாதத்திலிருந்து பிடிக்க மாட்டார்கள்.

கேட்டவர்:
அண்ணா, நீங்கள் சொன்னதேதான். இரண்டையும் கூட்டித்தான் வைத்திருந்தது. அதைத் திருத்தி, ஐடி-203-ஐ முதலில் முடித்தேன். நியூ ஜெர்சிக்கு இப்போது 200 டாலருக்குள்தான் பாக்கி. ஆனால் அது ஏன் பூஜ்யம் ஆகவில்லை?

பதில்:
ஊர் வங்கியில் என்ஆர்இ வைப்பு, அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியர் வைக்கும் வைப்பு, இருக்கிறதா? அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, இங்கே உண்டு. நியூயார்க் அதைத் தொடாது, அதனால் அந்தப் பங்குக்கு வரவும் கிடைக்காது.

கேட்டவர்:
ஆமாம், 2,100 டாலர் வட்டி காட்டியிருக்கிறேன். பெட்டி 19-லும் நகர வரி பிடித்திருந்தார்கள், அதையும் கேட்டுவிட்டேன். இனிமேல் பிடிக்காமலிருக்க என்ன செய்வது?

பதில்:
நியூயார்க் நகரத்தில் வசிக்கவில்லை என்று சொல்லும் ஐடி-2104.1 படிவத்தை நிரப்பி அலுவலகத்தில் கொடுங்கள்.