ரீ: மட் குறிப்பு – அக்கவுண்ட் கனெக்ட் பண்றதுக்கு என்ன சொல் போடலாம்?

> அண்ணா வணக்கமுங்க. மட்ல, அதாங்க டெர்மினல்ல ஓடற மெயில் ப்ரோக்ராம்ல, ஜிமெயில் அக்கவுண்ட மாட்டறதுக்கு தமிழ்ல ஒரு குறிப்பு எழுதிட்டு இருக்கறேன். தலைப்பு "கணக்கு இணைப்பு"ன்னு போட்டிருக்கறேன். முனையம் (கட்டளை அடிக்கற டெர்மினல்), கட்டளை வரி, கடவுச்சொல் எல்லாம் பழகின சொல்லு, அதுல சிக்கல் இல்லீங்க. இது மட்டும் சரியா வருதான்னு பாத்துச் சொல்லுங்க.

தம்பி, குறிப்பு நல்லா வந்திருக்குதுங்க, ஆனா அந்த இணைப்புதான் இடிக்குது. உங்க மூணாவது பத்தியில நீங்களே எழுதியிருக்கறீங்க பாருங்க, "இணைப்பு இல்லைன்னா இணைப்பைத் திறக்க முடியாது, மொதல்ல கணக்கு இணைப்பைச் சரி பாருங்க"ன்னு. மொத இணைப்பு நெட்டு, ரெண்டாவது அட்டாச்மென்ட், மூணாவது அக்கவுண்ட். எழுதின உங்களுக்குப் புரியும், பவானியில உக்காந்து மொத தடவையா டெர்மினலத் தெறக்கற பையனுக்கு எப்படிங்க புரியும்? அட்டாச்மென்டுக்கு இணைப்புங்கறது ஆபீஸ் கடுதாசிக் காலத்துல இருந்தே வர்ற பழக்கம், லெட்டருக்கு அடியில "இணைப்பு:"ன்னு போடுவாங்கல்ல அதேதான். நெட்டு, ஈபி, கேஸ் எல்லாத்துக்கும் இணைப்புன்னுதான் சொல்றோம். அந்த ரெண்டையும் இனி யாராலயும் புடுங்க முடியாது, அதனால அக்கவுண்டுக்குத்தான் வேற சொல்லு பாக்கோணும்.

போன்ல வர்ற மாதிரி "கணக்கைச் சேர்"னு போட்டுறலாம்னு நெனச்சேன். போன்ல அது சரிங்க, அங்க ஒரு பட்டன அமுத்தி மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் குடுத்தா மிச்சத்த அதுவே பாத்துக்கும். மட்ல சேர்க்கறதுக்கு எடமே கெடையாது, ஏன்னா மட்டுக்கு அக்கவுண்டுன்னா என்னன்னே தெரியாது. 1995ல மைக்கேல் எல்கின்ஸ் அத எழுதுனப்ப மெயில் அந்த யுனிக்ஸ் மிஷின்லயே வந்து விழும், அங்கயே ஒக்காந்து படிக்கறது, அனுப்போணும்னா சென்ட்மெயில்ங்கற தனி ப்ரோக்ராம் கையில குடுத்தா அது கொண்டு போயிரும். வெளிய இருக்கற சர்வர், அதுல ஒரு ஆளுக்கு நாலு அக்கவுண்டு, இதெல்லாம் அப்புறமேட்டு ஒட்டுனது. இன்னிக்கும் மட்ஆர்சிங்கற மட்டோட அமைப்பு ஃபைலத் தெறந்து பாத்தா அக்கவுண்டுன்னு ஒரு கட்டம் இருக்காது, தனித்தனி வரிகதான் இருக்கும்: மெயில் வாங்கறதுக்கு ஐமேப் வரி ஒண்ணு, போர்ட் (சர்வரோட வாசல் எண்) 993, அனுப்பறதுக்கு எஸ்எம்டிபி வரி ஒண்ணு, போர்ட் 587 இல்லீன்னா 465, நீ யாருங்கறதுக்கு ஃப்ரம் வரி, பாஸ்வேர்டு வரி, அனுப்புன மெயில எங்க வெக்கறதுங்கறதுக்கு ரெக்கார்ட் வரி. இந்தக் கடைசி வரியில ஜிமெயில்காரங்க எல்லாரும் ஒரு தடவ இடிச்சுக்குவாங்க, ஜிமெயில் சர்வர் வழியா அனுப்புனா கூகிளே ஒரு காப்பி அனுப்புன மெயில் பெட்டியில வெச்சுக்கும், மட் தன் பங்குக்கு இன்னொண்ணு வெச்சா எல்லாமே ரெட்டை ரெட்டையா நிக்கும், அதனால ஜிமெயிலுக்கு ரெக்கார்டக் காலியா விடோணும். இத உங்க குறிப்புல கட்டாயம் சேத்துருங்க, சொல்ல விட இது முக்கியம்.

ரெண்டாவது அக்கவுண்டு வந்தா இன்னும் எச்சா வேலை. ஃபோல்டர்-ஹுக் போட்டு, இந்தப் பெட்டிக்குள்ள நொழஞ்சா ஃப்ரம் இது, எஸ்எம்டிபி இதுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுக்கோணும், ஒரு வரிய விட்டுட்டாலும் மில்லு மெயிலுக்கு வீட்டு ஐடியில இருந்து பதில் போயி நிக்கும். நெறையப் பேரு மட்டுக்குள்ள இதெல்லாம் வெக்கறதே இல்லீங்க, எடுத்து வர்றதுக்கு எம்பிசிங்க், அனுப்பறதுக்கு எம்எஸ்எம்டிபி, தேடறதுக்கு நாட்மச்னு ஆளுக்கொரு வேலையாப் பிரிச்சு விட்டுட்டு, மட்டுகிட்ட வீட்டு டிஸ்க்குல இருக்கற மெயில்டிர்ங்கற மெயில் ஃபோல்டர மட்டும் காட்டறாங்க. அப்ப ஒரே அக்கவுண்டு மூணு ஃபைல்ல இருக்கும்.

அதனாலதான் எனக்கு "பிணைப்பு"ன்னு தோணுதுங்க. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டற ஊட்டுல இருக்கற எல்லாருக்கும் பாவு பிணைக்கறது தெரியும், பழைய பாவு தீந்து புதுசு ஏத்துனா, பழைய இழையில புது இழைய ஒண்ணொண்ணாப் புடிச்சு முடிச்சுப் போடோணும், எல்லா இழையும் சேந்தாத்தான் தறி ஓடும். மட்ல நாம பண்றதும் அச்சா அதே வேலை. கணக்குப் பிணைப்பு, கணக்கைப் பிணைத்தல். எடுத்து விடறதுக்கு "பிணைப்பை அவிழ்".

இதுல இன்னொரு சௌகரியம் இருக்குது. மட்டத் தெறந்து வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டு வந்தா, சர்வரோட கனெக்‌ஷன் மூடிருச்சுன்னு கீழ் வரியில வந்து நிக்கும். அது இணைப்பு போனது, அக்கவுண்டுக்கு ஒண்ணும் ஆகல. "இணைப்பு அறுந்தது, பிணைப்பு அப்படியேதான் இருக்கு"ன்னு ஒரே வரியில எழுதலாம், இன்னிக்கு இருக்கற சொல்லுல இத எழுதவே முடியாது.

* * *

அண்ணா, நான் ஈரோட்டுல இருந்துங்க. தறிக்காரங்க ஊட்டுப் புள்ளதான் நானும், ஆனா எனக்கு மூணு எடத்துல ஒதைக்குதுங்க.

பிணைன்னா பேப்பர் படிக்கறவங்களுக்கு மொதல்ல ஜாமீன்தான் ஞாபகம் வரும். "கணக்கைப் பிணை"ன்னு பட்டன்ல பாத்தா எங்கப்பா கோர்ட்டுக்குப் போவோணுமான்னு கேப்பாரு. ரெண்டாவது, மட்ல எந்த கீய அமுத்துனா என்ன ஆகோணும்னு நாமளே வெச்சுக்கறதுக்கு பைண்ட்னு ஒரு கட்டளை இருக்குதுங்களே, அதுக்கு நான் பழைய குறிப்புல "விசைப் பிணைப்பு"ன்னு எழுதியிருக்கறேன், ரெண்டும் ஒரே ஃபைல்ல வந்தா மறுபடி அதே இணைப்புக் கதைதான்.

மூணாவதுதான் என்ற பெரிய கொறை. தமிழ் எழுத்த ஒழுங்காக் கோக்காத டெர்மினல்ல "ணை"யோட கொம்பு எழுத்துக்கு முன்னாடி வராது, பின்னாடி போயி ஒக்காந்துக்கும், இல்லீன்னா பக்கத்து எழுத்து மேல ஏறிக்கும். ஒரு எழுத்துக்கு எத்தன கட்டம்னு டெர்மினல் ஒரு கணக்குப் போடும், மட் ஒரு கணக்குப் போடும், ரெண்டும் ஒத்துப் போகலீன்னா வரியே கோணலாப் போயிருது. கட்டளை வரிக்குன்னே செய்யற சொல்லு, அங்க பாத்தாலே படிக்கற மாதிரி இருக்க வேண்டாமுங்களா? "பிணிப்பு"ன்னு வெச்சா கொம்பே இல்ல. "தொடுப்பு"ன்னும் யோசிச்சேன்.

* * *

> "பிணிப்பு"ன்னு வெச்சா கொம்பே இல்ல.

கொம்பு இல்ல, ஆனா பிணி இருக்குதே அம்மிணி! கணக்குப் பிணிப்புன்னு போட்டா அக்கவுண்டுக்குக் காச்சல் வந்த மாதிரி ஆயிரும். தொடுப்பு வேண்டாமுங்க, ப்ளாக் காலத்துல லிங்குக்கு அதப் போட்டுப் பழகினவங்க இருக்கறாங்க, தவிர அதுல "தொ"வுக்கு ரெண்டு பக்கமும் குறி நிக்குது, உங்க டெர்மினல் கணக்குப்படி அது இன்னும் மோசம். கொம்பப் பாத்துச் சொல்லு செஞ்சா தமிழ்ல பாதி அகராதியத் தூக்கி வெச்சரோணும், அது டெர்மினல் எழுதறவங்க திருத்த வேண்டிய கோளாறு, நாம சொல்ல வளைக்கறது ஞாயமில்லீங்க.

ஆனா கீ விஷயத்துல நீங்க சொல்றதுதான் சரி. அங்க நடக்கறது கட்டறதில்ல, இந்த கீக்கு இந்த வேலைன்னு ஒதுக்கறதுதான், அதனால "விசை ஒதுக்கீடு"ன்னு மாத்திக்குங்க, படிக்கவும் தெளிவா இருக்கும். ஜாமீனுக்கும் ஒரு வழி இருக்குது, வெறும் "பிணை"ய எங்கயும் தனியா விடாம, பட்டன், தலைப்பு எல்லாத்துலயும் "கணக்குப் பிணைப்பு"ன்னு முழுசாப் போட்டுட்டா அப்பா கோர்ட்டுக்குப் போக மாட்டாரு.

எல்லா மெயில் ப்ரோக்ராமுக்கும் இது வேணுமான்னா, வேண்டாமுங்க. ஏர்க்னு டெர்மினல்ல ஓடற இன்னொரு மெயில் ப்ரோக்ராம், அத மொத தடவ தெறந்தா அதுவே படிப்படியா ஒரு விஸார்டு வெச்சு எங்க வாங்கறது எங்க அனுப்பறதுன்னு கேட்டு அக்கவுண்ட்ஸ் ஃபைல எழுதிக்கும், அங்க "கணக்கைச் சேர்"னே இருக்கட்டும். கையால வரி வரியா எழுதற எடத்துக்கு மட்டும் பிணைப்பு. ஒட்டுக்கா எல்லாத்துக்கும் ஒரே சொல்லத் திணிச்சுத்தான் இணைப்பு இந்த கதிக்கு வந்துச்சு.

* * *

சரிங்ணா, சரிங்க்கா, மாத்திட்டேன். இப்ப இப்படி இருக்குதுங்க:

"கணக்குப் பிணைப்பு: முதலில் உங்கள் கூகிள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். பிறகு 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்குங்கள். 2022 மே 30 முதல் வழக்கமான கடவுச்சொல்லை இங்கே கூகிள் ஏற்பதில்லை. வாங்கும் வரி, அனுப்பும் வரி, பெயர் வரி, கடவுச்சொல் வரி நான்கையும் எழுதுங்கள். ரெக்கார்ட் வரியைக் காலியாக விடுங்கள். மட்ஆர்சி கோப்பை உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி அனுமதியை 600 என மாற்றுங்கள். இணைப்பு அறுந்தால் பிணைப்பைத் தொடாதீர்கள், பெட்டியை மறுபடி திறந்தால் போதும்."

வெறும் பாஸ்வேர்ட கூகிள் 2022 மே 30ல இருந்து நிறுத்துனதையும் சேக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், சேத்துட்டேன், ஏன்னா பழைய குறிப்புகளப் பாத்துட்டு வந்து பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுதுன்னு கேக்கறவங்கதான் எச்சா. பாஸ்வேர்டுக்குப் பதிலாக் குடுக்கற ஓஆத் டோக்கனுக்கு என்ன சொல்றதுன்னு தனி மெயில் போடறேங்ணா, அது ஒரு மணி நேரத்துல காலாவதி ஆகறது, புதுப்பிக்கறதுன்னு வேற கூத்து, இதுல கலக்க வேண்டாம்.